பாதிக் குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் ஓசூர் பக்கம் பழைய வேன் டிரைவர் யாரையாவது பிடித்து, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆஞ்சப்பன் வண்டி ஸ்பீக்கரில் என்ன கேட்டது என்று விசாரித்துப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். யேசுராஜிடம் மட்டும் போய்க் கேட்க வேண்டாம். ஊரில் ஓடிய வண்டிக்கெல்லாம் பாட்டு மாட்டிக் கொடுத்த அவன் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு ரேடியோ கூட இல்லை.

பாகலூர் ரோட்டில், பஞ்சர் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருந்தது அவன் கடை. கார், வேன், லாரி எது வந்தாலும் பாட்டுச் செட்டு மாட்டுவான். செட்டு மாட்ட ஆள் நிறைய உண்டு. ஆனால் கிராஸ் ஓவர் கட்ட ஓசூரில் அவன் ஒருவன்தான். பெங்களூர்க்காரன் கூட வந்து கட்டிக்கொண்டு போகிறான் என்று அவனே எல்லாரிடமும் சொல்லுவான். அடக்கம் அவனிடம் கொஞ்சம் குறைச்சல்தான்.

கிராஸ் ஓவர் என்பது மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு செம்புக் கம்பிச் சுருள், ஒரு கண்டென்சர், அவ்வளவுதான். தபேலாவின் 'தும்' பெரிய ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். ஜால்ராவின் 'சிங்' ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். சுருள் தடித்த சத்தத்தை மட்டும் விடும், கண்டென்சர் மெல்லியதை மட்டும் விடும். சல்லடை மாதிரி. அதற்கென்று தனியாகக் கரண்ட்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

மனிதக் குரலையும் அது இப்படித்தான் இரண்டாக வெட்டும். 'ஆ', 'ஊ', 'ஏ' எல்லாம் அடிக்குரல். அது பெரிய ஸ்பீக்கரில் வரும். 'ஸ்', 'த்', 'க்' என்கிற கீறல் மட்டும் ட்வீட்டரில் வரும். "ட்வீட்டர மட்டும் தனியா கேட்டா, பெத்த தாய் பேசினாக் கூட யாருன்னு தெரியாது" என்று கடைக்கு வருகிறவர்களுக்கு யேசுராஜ் வேடிக்கை காட்டுவான். ட்வீட்டரில் ஒருநாளும் 'ஏ' வராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் வீடு சூளகிரியில். மனைவி கிருபாராணி ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தால் பின்வரிசை வரைக்கும் அவள் குரல்தான் கேட்கும். பெண்களுக்கு அபூர்வமாக வாய்க்கிற, அடி கனத்த குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் யேசுராஜ் பெண் கேட்டுப் போனான். கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து, அந்தக் கார்த்திகையில்தான் அவளுக்கு நாலாம் மாதம். அவனிடம் டி.வி.எஸ். மொபெட் ஒன்று உண்டு. ஸ்பீக்கர் பெட்டி கட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பின்சக்கரத்துச் சேலை கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புப் பட்டை அடித்து வைத்திருந்தான். அவள் உண்டானதிலிருந்து அந்த வண்டியில் ஏற்றுவதே இல்லை. குலுங்கும் என்று பயம். கம்பெனி வேனிலேயே போய் வா என்று சொல்லிவிட்டான்.

அந்த வேனை ஓட்டியவர்தான் ஆஞ்சப்பன். பேரிகை ஊர்க்காரர். ஐம்பது வயதுக்கு மேல். காலையில் பெண்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வண்டி சும்மா நிற்கும். அன்று பதினோரு மணிக்கு வண்டியை நேராக யேசுராஜ் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, செட்டு பாடலையா?"

"பாடுது. பாடாதப்பவும் பாடுது. அதான் வந்தேன்."

யேசுராஜ் சிரித்தான். ஆஞ்சப்பன் சிரிக்கவில்லை.

"கிருஷ்ணகிரி பழைய சாமான் கடைல ஸ்பீக்கர் வாங்கிப் போட்டேன். பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. நேரா ஒயர இழுத்து வுட்டுட்டேன். ஒரு வாரமா அதுல ஒரு பொம்பள பேசறாப்பா. நிறுத்து, நிறுத்துங்கறா."

"ரேடியோ ஸ்டேசன் ஏதாச்சும் ஒயர்ல புடிக்கும்ணா. கன்னடத்துல ஏதோ சொல்லியிருப்பான்."

"எனக்கா கன்னடம் தெரியாது? இது தமிழுப்பா." அவர் குரலைத் தணித்தார். "மொதல்ல சூளகிரிக்கு முன்னால அந்த மதகுப் பாலம் இருக்குதில்ல, அதுகிட்ட மட்டுந்தான் கேட்டுது. சாயங்காலம், பொண்ணுங்கள ஏத்திட்டு வர்றப்ப. இப்ப நேரங்காலமே இல்ல."

"பொண்ணுங்களுக்குக் கேக்குதா?"

"அதுங்க போடற சத்தத்துல எது கேக்கும். நான் சொல்லல. சொன்னா நாளைக்கு எவ ஏறுவா?"

யேசுராஜ் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். செட்டை அணைத்தான். பிறகு பேட்டரி ஒயரையே கழற்றிப் போட்டான். மாவு மில்லும் ஓடவில்லை. கரண்ட் இல்லை. வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"ஸ்... த்த்... ங்க்..."

முன்பக்கத்து ட்வீட்டரிலிருந்து வந்தது. ஊசியால் தகரத்தைக் கீறுகிற மாதிரி. அதே நேரம் பின் சீட்டுக்கு அடியில், பெரிய ஸ்பீக்கரில், "ம்ம்... ஊ..." என்று ஏதோ முனகியது. ஆஞ்சப்பன் முன்னால் வந்ததை மட்டும்தான் கவனித்திருந்தார். யேசுராஜின் காது இரண்டையும் பிடித்தது. இரண்டும் ஒரே ஆளின் குரல் என்பதும் அவனுக்குப் புரிந்தது. கையில் மயிர் குத்திட்டு நின்றது.

ஆனால் தொழில்காரன் புத்தி போகாதே. பயந்தவன் உடனே சமாளித்துக்கொண்டான்.

"நேரா ஒயர வுட்டா இப்படித்தாண்ணா கண்டதும் வரும். முறையா கிராஸ் ஓவர் கட்டணும். ஸ்பீக்கர் ரெண்டையும் கழட்டி வுட்டுட்டுப் போங்க. கட்டி வெக்கறேன்."

"கட்டினா நின்னுடுமா?"

"நின்னுடும்."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு ஸ்பீக்கரையும் மேஜை மேல் வைத்துவிட்டு ஆஞ்சப்பன் போய்ச் சேர்ந்தார்.

மதியம் முழுக்க யேசுராஜ் வேலை பார்த்தான். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை அறுத்து, அதன் மேல் செம்புக் கம்பியைச் சுற்றுப் பிசகாமல் சுற்ற ஆரம்பித்தான். சுற்றும்போது யாரும் பேசக் கூடாது. எண்ணிக்கை தப்பிவிட்டால் முழுக்கப் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவான். பெரிய ஸ்பீக்கரை மல்லாத்தி வைத்து, அதன் காகிதக் குழிவில் ஸ்குரூக்களைப் போட்டு வைத்திருந்தான். செட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது, குழிவு நல்ல கிண்ணமாக உதவும்.

பாதிச் சுருள் ஆகியிருக்கும். ஸ்குரூக்கள் ஆட ஆரம்பித்தன.

கிணி... கிணி... கிணி...

எலியோ என்று பார்த்தான். எலி இல்லை. ஸ்பீக்கரின் காகிதம் மெல்ல மேலே எழும்பித் தாழ்ந்தது. ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு முனையும் எதிலும் சேராமல் மேஜை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

கையை வைத்து அழுத்தினான். நின்றது. கையை எடுத்தான். மறுபடியும் எழும்பியது. குப்புறக் கவிழ்த்து, மேலே ஒரு துணியைப் போட்டான். சுற்று எண்ணிக்கை மறந்தே போனது. அவன் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் எண்ணிக்கை தப்பிய சுருளைப் பிரிக்காமல், மேற்கொண்டு சுற்றி முடித்தான். சீக்கிரம் முடித்து இந்தச் சனியனை வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. இரண்டு கண்டென்சர்களை முதுகோடு முதுகாக ஒட்டி, ஈயம் உருக்கிப் பற்ற வைத்தான். அட்டையில் சுருளைக் கட்டினான். பெரிய ஸ்பீக்கர் ஒயரை ஒரு பக்கம், ட்வீட்டர் ஒயரை ஒரு பக்கம் சேர்த்தான். செட்டு கிடையாது. பேட்டரி கிடையாது. வெறும் அட்டைதான்.

ஐந்து நாற்பதுக்குக் கடைசி ஒயரைப் பற்ற வைத்தான். ஈயம் ஆறியது.

"ஏங்க..."

தலை நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை.

"ஏங்க... நிறுத்துங்க... நிறுத்துங்க..."

பாதிப் பாதியாகக் கேட்டது இப்போது ஒட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டது. கனத்த குரல். பின்வரிசை வரைக்கும் கேட்கிற குரல்.

கிருபாராணி.

அவள் கத்துகிறாள். மூச்சுத் திணறக் கத்துகிறாள். பாலத்துக்கிட்ட... சாயங்காலம்... பொண்ணுங்கள ஏத்திட்டு வர்றப்ப... ஆஞ்சப்பன் சொன்னதெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அவன் தலைக்குள் விழுந்தது. ஷிஃப்ட் முடிவது ஐந்தரைக்கு. வேன் இந்நேரம் கிளம்பியிருக்கும்.

கட்டர் எடுத்து ட்வீட்டர் ஒயரை வெட்டினான். சத்தம் நின்றது. வெட்டிய ட்வீட்டர் கையில் இருந்தது. எதற்கென்று தெரியாமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கடையைப் பூட்டினானா என்று கூட நினைவில்லை. மொபெட்டை மிதித்தான்.

ஹைவேயில் லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. கார்த்திகைப் பனி அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. குளிரிலா, பயத்திலா என்று அவனுக்கே தெரியவில்லை. ஏசப்பா, அவள விட்டுடு, பிள்ளைய விட்டுடு என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

வேன் வழிநெடுக நின்று ஆள் இறக்கிக்கொண்டு போகும். அதனால்தான் பிடிக்க முடிந்தது. பாலம் எட்டும் தூரத்தில் தெரியும்போது வேனின் பின்விளக்கைப் பார்த்தான். ஹாரனை அமுக்கிக்கொண்டே பக்கத்தில் போய்க் கையைக் காட்டினான். ஆஞ்சப்பன் ஓரம் கட்டினார். மணி ஆறு பத்து.

கிருபாராணி கதவை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்திருந்தாள். குளிருக்கு முந்தானையைத் தலையோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றியிருந்தாள். எப்போதும் போல இருந்தாள்.

"என்னங்க, இங்க?"

"எறங்கு."

"எதுக்கு? வண்டிலயே வந்துடறேங்க. பனி கொட்டுது."

"எறங்குன்னா எறங்கு."

பக்கத்தில் இருந்த சரோஜம்மாள், "கொடுத்து வெச்சவடி நீ. புருஷன் வண்டி கட்டிக்கிட்டு வந்து கூட்டிப் போறாரு" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். கிருபாராணி வெட்கத்தோடும் எரிச்சலோடும் இறங்கினாள்.

ஆஞ்சப்பன் மட்டும் ஜன்னல் வழியாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"கேட்டுச்சா?"

யேசுராஜ் ஆமென்று தலையை ஆட்டினான். அவர் கதவை நன்றாக அடைக்கச் சொல்லிவிட்டு, நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினார்.

வேன் பாலத்தில் ஏறியது. யேசுராஜ் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். வேன் பாலத்தைத் தாண்டியது. பின்விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தான். அவள் இறங்கிவிட்டாள், இனி எந்தப் பாலம் வந்தால் என்ன.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். உக்காரு."

ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. வண்டி கிளம்பியது.

பாலம் நெருங்கியது.

சட்டைப் பையில் ட்வீட்டர் நெஞ்சை உரசிக்கொண்டிருந்தது.

"ஏங்க..."

அவன் உடம்பு விறைத்தது. மறுபடியுமா? ஒயரைத்தான் வெட்டியாயிற்றே...

"ஏங்க... நிறுத்துங்க..."

பையைக் கையால் பொத்தினான். நிற்கக் கூடாது. இந்த இடத்தில் நிற்கவே கூடாது. பாலத்தைத் தாண்டிவிட வேண்டும்.

முறுக்கினான்.

"நிறுத்துங்க... ஏ..."

இன்னும் முறுக்கினான்.

"ஸ்... த்த்..."

தோளில் இருந்த கை விலகியது.

வண்டி இழுத்துக்கொண்டு நின்றது.

பின்னால் திரும்பினான். சீட்டில் அவள் இல்லை. முந்தானையின் நுனி பின்சக்கரத்துக் கம்பிகளில் சுற்றி, சுற்றி, சுற்றி... சேலை கார்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புப் பட்டை. சேலையின் மறுமுனை அவள் கழுத்தில்.

ட்வீட்டரில் ஒருநாளும் 'ஏ' வராது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் யேசுராஜுக்குத் தெரியும். கத்தியது சட்டைப் பை இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்த அவள்தான். அதோடு, கிருபாராணி வேன் டிரைவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். 'ஏங்க' என்று அவள் கூப்பிடுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். கடையில் அந்தக் குரல் முழுசாகக் கேட்டபோதே அது தன்னைத்தான் கூப்பிட்டது என்று அவனுக்கு உறைக்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, எந்த வண்டியில் அந்த இடத்துக்கு வரக் கூடாதோ அந்த வண்டியிலேயே அவனே அவளைக் கொண்டுவந்துவிட்டான்.

பின்னால் வந்த லாரிக்காரன் ஒருவன் சேலையைக் கத்தியால் அறுத்து, இருவரையும் ஏற்றிக்கொண்டு போய்க் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கிருபாராணி பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் யேசுராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உயிர் தப்பினதே பெரிசு. குரல்வளை நசுங்கிப் போச்சு. இனி காத்து மட்டும்தான் வரும், சத்தம் வராது."

கண் விழித்ததும் அவள் அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஸ்... த்த்... ங்க்..."

அவன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேனுக்குள், உச்சி வெயிலில், பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேட்ட அதே கீறல். ஒரு இழை கூட மாறவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் கடையைத் திறந்தான். முதல் வேலையாக அந்த ட்வீட்டரை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. பிரித்துப் பார்த்தான். உள்ளே கம்பி கருகி அறுந்து, அறுந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அது செத்துப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஆஞ்சப்பன் வாங்கிப் போட்ட நாளிலிருந்து அதில் ஒரு பாட்டுக் கூட வந்திருக்க முடியாது.

ஆஞ்சப்பன் அந்த ஸ்பீக்கர்களைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். பெரிய ஸ்பீக்கரைச் சாக்கில் கட்டி, கெலவரப்பள்ளி அணையில் போட்டுவிடலாம் என்று யேசுராஜ் ஒருநாள் எடுத்துக்கொண்டு போனான். தண்ணீர் ஓரத்தில் சாக்கைத் தூக்கினான். உள்ளே மெதுவாக, "ஏ..." என்றது.

அவனால் எறிய முடியவில்லை. போன குரலின் மிச்சப் பாதி அது. வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். கிருபாராணியிடம் சொல்லவில்லை. அவளும் அது என்னவென்று கேட்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஜெபசீலி என்று பெயர் வைத்தார்கள். குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், ஒரு சாயங்காலம் யேசுராஜ் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். கிருபாராணி அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்தது. சாக்கின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டு சிரித்தது. "ஏ... ஊ..." என்றது. சற்று நிறுத்தியது. கேட்டது. மறுபடியும் "ஊ..." என்றது.

பாய்ந்து போய்க் குழந்தையை வெளியே இழுத்தான். கை சாக்கில் பட்டது. சாக்குக்குள் காகிதம் எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.

கிருபாராணி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டான்.

அவள் பக்கத்தில் வந்து, அவன் காதில் வாயை வைத்து, காற்றாலேயே சொன்னாள்.

"கொண்டு வந்த நாள்லேருந்து. நான் பேசினா, என் கூடவே பேசும். பாடினா, கூடவே பாடும்."

"இப்ப நீ பேசலையே?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மாவுக் கையால் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

"நான் பேசாதப்பவும் பேசுதுங்க. பாப்பா அதத்தான் அம்மான்னு நெனச்சிக்கிட்டிருக்கா."